நம் இளையர் காற்பந்தும் தோட்டப் பள்ளித் திடலும்



பள்ளி ஆண்டு மலரில் தலைமையாசிரியர் ஒருவர் கட்டுரை எழுதுகின்றார் என்றால், அது கல்வியின் மேன்மையைப் பற்றியதாகவோ தாய்மொழியின் சிறப்பைப் பற்றியதாகவோ இருக்கும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அவற்றைப் பற்றி முந்தைய மலர்களில் நிறையவே எழுதியாயிற்று. இம்முறை காற்பந்தைப் பற்றி எழுதத் துணிந்துள்ளேன். குறிப்பாக, நம் நாட்டின் இளையர் காற்பந்துக் குழுக்களைப் பற்றியும், அக்குழுக்களுக்கும் நம் பள்ளியின் பின்புறம் லாலான் மண்டிக் கிடக்கும் திடலுக்கும் உள்ள உறவைப் பற்றியும் எழுத விழைகின்றேன்.

நம் தோட்டத்து ஒட்டுக்கடையில், நாட்டுக் குழு தோற்ற மறுநாள் காலையில் ஒரு நீதிமன்றமே கூடுவதுண்டு. பயிற்றுநர் சரியில்லை, சங்கம் சரியில்லை, ஆட்டக்காரருக்கு உணர்ச்சி இல்லை என்று தீர்ப்புகள் வரிசையாக வரும். பின்னர்த் தேநீர்க் குவளைகள் காலியானதும் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அத்தீர்ப்புகளில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், தோல்விக்குக் காரணம் தேடும் நாம் அந்தத் தொண்ணூறு நிமிடங்களை மட்டுமே பார்க்கின்றோம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அந்த ஆட்டக்காரர்கள் எங்கே எப்படி விளையாடினார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. நம் இளையர் குழு தோற்பது பத்தொன்பதாவது வயதில் அன்று, ஒன்பதாவது வயதில் என்பது என் கருத்து. அக்கருத்துக்கு எப்படி வந்தேன் என்பதைக் கணக்கோடு காட்ட முயல்கின்றேன்.

முதலில் ஒரு பெருமை. ஆசிய இளையர் காற்பந்துப் போட்டி என்ற ஒன்று பிறந்ததே நம் மண்ணில்தான். நம் முதற்பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் 1958இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே, அதாவது 1959இல், ஆசிய நாடுகளின் இளையர் ஒன்றுகூடி ஆடும் போட்டி கோலாலம்பூரில் முதன்முறையாக நடைபெற்றது. சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகளான சிறு நாடு அது. அம்முதற் போட்டியில் தென்கொரியா வாகை சூடியது. மலாயா இரண்டாம் இடம் பெற்றது. 1960இலும் அவ்வாறே நிகழ்ந்தது. பின்னர் 1968இல் சியோல் நகரில் நடந்த போட்டியிலும் மலேசியா இறுதியாட்டம் வரை சென்று, அக்காலத்தில் ஆசியாவையே ஆட்டிப் படைத்த பர்மாவிடம் தோற்றது.

ஆக, முதல் பத்துப் போட்டிகளுக்குள் மூன்று முறை நாம் இறுதியாட்டம் கண்டோம். மாணவர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. ஆசிய இளையர் போட்டியின் இறுதியாட்டத்தில் நம் கொடி மீண்டும் ஏறவே இல்லை.

உலக அளவில் நிலைமை என்ன? இருபது வயதுக்குட்பட்டோர்க்கான உலகப் போட்டியில் நாம் ஆடியது ஒரே ஒரு முறை. அது 1997ஆம் ஆண்டு. அப்போட்டியை ஏற்று நடத்திய நாடு என்பதால் தகுதியாட்டம் இன்றியே நமக்கு இடம் கிடைத்தது. ஷா ஆலாம், ஜொகூர் பாரு, குவாந்தான், அலோர் ஸ்டார், கங்கார், கூச்சிங் ஆகிய நகரங்களில் இருபத்து நான்கு நாடுகளின் இளைஞர்கள் ஆடினார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிரான்சின் தியேரி ஹென்றியும், இங்கிலாந்தின் மைக்கல் ஓவனும், அர்ஜென்டினாவின் ரிக்கெல்மேயும் அப்போது மீசை அரும்பும் வயதில் நம் திடல்களில் ஓடினார்கள். அர்ஜென்டினா கிண்ணத்தை வென்றது. நம் குழு உருகுவே, மொரோக்கோ, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளோடும் மோதி, மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நாம் 2025 வரை ஒரு முறைகூட ஆடியதில்லை.

"பெரிய நாடுகளோடு மோதினால் தோற்கத்தானே செய்வோம்?" என்று கேட்பவர்க்கு ஜப்பானைக் காட்ட விரும்புகின்றேன். ஜப்பானும் நம்மைப் போலவே அதே உலக இளையர் போட்டியை ஏற்று நடத்தியது. அது 1979இல். அங்கும் அர்ஜென்டினாதான் வென்றது. மரடோனா என்ற இளைஞனை உலகம் வியந்து பார்த்த போட்டி அது. ஜப்பானியக் குழு ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் முதற் சுற்றிலேயே வெளியேறியது. அதுவரை நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றுதான். ஆனால் சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1999இல் நைஜீரியாவில் நடந்த அதே போட்டியில் ஜப்பான் இறுதியாட்டம் வரை சென்று ஸ்பெயினிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. நாம் ஏற்று நடத்தி இருபது ஆண்டுகள் ஆன 2017இல் அப்போட்டி தென்கொரியாவில் நடந்தது. அதில் நமக்கு இடமே இல்லை.

அந்த இருபது ஆண்டுகளில் ஜப்பானியர் என்ன செய்தார்கள்? மந்திரம் ஒன்றும் போடவில்லை. 1977ஆம் ஆண்டிலேயே தொடக்கப்பள்ளி வயதுச் சிறுவர்க்கு நாடு தழுவிய காற்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கி, அதை ஆண்டுதோறும் விடாமல் நடத்தினார்கள். 1993இல் தொழில்முறைக் காற்பந்து லீக்கைத் தொடங்கியபோது, அதில் சேரும் ஒவ்வொரு மன்றமும் இளையர் குழுக்களையும் வைத்து வளர்க்க வேண்டும் என்று விதித்தார்கள். அடிமரத்திற்கு உரமிட்டார்கள், உச்சியில் காய் தானாகவே வந்தது. செம்பனைக் கன்றை நட்டுவிட்டு மறு மாதமே குலை வெட்டக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் எவனும் நம் தோட்டத்தில் இல்லை. காற்பந்தில் மட்டும் அவ்வாறு போகின்றோம்.

இனி, நாம் வென்ற கதையையும் சொல்லிவிடுகின்றேன். தோல்வியை மட்டுமே சொன்னால் அது நேர்மையன்று. அத்துடன் வென்ற கதையில்தான் என் கருத்துக்குச் சிறந்த சான்று இருக்கின்றது.

2007இல் மலேசியக் காற்பந்துச் சங்கம் 'ஹரிமாவ் மூடா' என்னும் இளம்புலிகள் குழுவை உருவாக்கியது. நாட்டின் சிறந்த இளைஞர்களை ஓரிடத்தில் சேர்த்து, போட்டிக்குப் போட்டி கலைத்துவிடாமல், பெரியவர்களின் லீக்கிலேயே அவர்களை வாரந்தோறும் ஆட வைத்தார்கள். 2009இல் அக்குழு மலேசிய பிரிமியர் லீக்கை வென்றது. அதே ஆண்டின் இறுதியில் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், நம் இருபத்து மூன்று வயதுக்குட்பட்ட குழு வியட்னாமை 1–0 என்று வென்று தங்கம் பெற்றது. 1989க்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. அக்குழுவின் பயிற்றுநர் நம்மவரான கே. ராஜகோபால் அவர்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அடுத்த ஆண்டே அவ்விளைஞர்களில் பலரை நம்பி மூத்தோர் குழுவை அமைத்து, 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் முதன்முறையாக நாட்டுக்குக் கொண்டு வந்தார் அவர். 2011இல் ஜக்கார்த்தாவில், ஓங் கிம் சுவீ பயிற்றுவித்த இளையர் குழு, இந்தோனேசியாவை அதன் சொந்தத் திடலில், எண்பதினாயிரம் பேர் கொள்ளும் அரங்கில், பினால்டி உதைகளில் வென்று மீண்டும் தங்கம் பெற்றது.

அந்த இளைஞர்களுக்குத் திடீரென்று திறமை வானத்திலிருந்து கொட்டிவிட்டதா? இல்லை. அவர்களுக்கு ஆட்டங்கள் கிடைத்தன. ஒருவனோடு ஒருவன் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. அக்குழு பின்னர்ச் சிங்கப்பூர் லீக்கிலும் ஆடியது. 2015இல் அது கலைக்கப்பட்டது. கலைத்ததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் நியாயம் இருக்கலாம். இளைஞர்கள் தத்தம் மாநிலக் குழுக்களிலேயே வளரட்டும் என்பதும் ஒரு வழிதான். ஆனால் 2011க்குப் பின் தென்கிழக்காசியப் போட்டித் தங்கம் நமக்கு எட்டவில்லை. 2017இல் கோலாலம்பூரிலேயே இறுதியாட்டம் ஆடியும் தாய்லாந்திடம் 0–1 என்று இழந்தோம்.

அதன் பின்னும் நல்ல செய்திகள் வராமல் இல்லை. 2018ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் சீனாவில் நடந்த இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் நம் குழு சவூதி அரேபியாவை வென்று காலிறுதிக்குப் போயிற்று. அங்குத் தென்கொரியாவிடம் 1–2 என்று தோற்றாலும், அந்த ஒரு கோலை அடித்தவர் என். தனபாலன். நம் மூத்த தலைமுறையினர் இப்பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனெனில் 1960களில் நாட்டுக் குழுவின் தாக்குதல் வரிசையில் நின்று கோல் அடித்தவர் பெயரும் என். தனபாலனே. இருவேறு மனிதர்கள், ஒரே பெயர், இடையில் அரை நூற்றாண்டு! என் தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஒரு செய்திக்காகவே அன்று வீட்டில் பாயசம் வைத்திருப்பார்.

அதே 2018இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், பின்னர்த் தங்கம் வென்ற தென்கொரியாவையே நம் இளைஞர்கள் 2–1 என்று தோற்கடித்தார்கள். அதே ஆண்டு பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் தென்கிழக்காசியக் கிண்ணத்தை, மியன்மாரை 4–3 என்று வென்று கைப்பற்றினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. முதல் ஆட்டத்தில் நம் சிறுவர்கள் தஜிகிஸ்தானை 6–2 என்று வென்றார்கள். அரையிறுதிக்குப் போனால் உலகப் போட்டி. நாடே எதிர்பார்த்து நின்றது. அடுத்து தாய்லாந்திடம் 2–4, ஜப்பானிடம் 0–2. அத்தோடு எல்லாம் முடிந்தது. நம்மிடம் ஆறு கோல் வாங்கிய தஜிகிஸ்தான் சிறுவர்களோ துவண்டு விடாமல் எழுந்து, இறுதியாட்டம் வரை சென்று, ஜப்பானிடம் ஒரே ஒரு கோலில் தோற்று, உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். இதை நான் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கின்றேன். கணக்குப் பாடத்தில் முதற் சோதனையில் நூறு வாங்கியவனும் பதினைந்து வாங்கியவனும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி அது.

இன்னும் ஒன்று. 2022 ஜூலையில் நம் பத்தொன்பது வயதுக் குழு லாவோசை 2–0 என்று வென்று மீண்டும் தென்கிழக்காசிய வாகையர் ஆயிற்று. மறு ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் பதினாறு நாடுகள் ஆடின. இந்தோனேசியா இருந்தது, வியட்னாம் இருந்தது, வாகையரான நாம் இல்லை. தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. சில வாரங்கள் கூடிப் பயிற்சி செய்து ஒரு கிண்ணத்தை வெல்லலாம். அடுத்தடுத்து வரும் போட்டிகளில் நிலைத்து நிற்க வேண்டுமென்றால், சிறு வயது முதல் ஆயிரம் ஆட்டங்கள் ஆடி ஊறிய கால்கள் வேண்டும். அந்த ஆயிரம் ஆட்டங்களைப் புக்கிட் ஜாலிலில் ஆட முடியாது. அவை பள்ளித் திடலில், மாலை வெயிலில், யாரும் பார்க்காதபோது ஆடப்பட வேண்டியவை.

இங்கேதான் நம் தோட்டம் வருகின்றது.

என் இளமைக் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, பந்துத் திடல் இருந்தது. காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்து, குளித்து, சிறிது கண்ணயர்ந்து, நான்கரை மணிக்கெல்லாம் ஆடவர் திடலுக்கு வந்துவிடுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டி நடக்கும். லாரியில் ஆட்டக்காரர் ஒரு பக்கம், அவர்களுக்காகக் கத்துவோர் மறுபக்கம். பெரியவர்கள் ஆடி முடித்ததும் எஞ்சிய அரைமணி வெளிச்சம் எங்களுக்கு. வெறுங்காலோடு ஆடினோம். கிழிந்த பந்துக்குள் சாக்கைத் திணித்து ஆடியதும் உண்டு. எம். சந்திரன், 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம் ஆகியோரின் பெயர்களை நாங்கள் பாடநூலில் கற்கவில்லை; அத்திடலில் கற்றோம். கோல் கம்பத்தருகே நிற்கும் ஒவ்வொரு பையனும் தன்னை ஆறுமுகம் என்றே எண்ணிக்கொள்வான். 1988இல் அவர் சாலை விபத்தில் மறைந்தபோது தோட்டமே துக்கம் காத்தது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சந்திரன். அது இன்றைய மாணவர்களுக்குப் புராணக் கதை போல் தோன்றக்கூடும்.

பிறகு தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் உடைந்தன, குடும்பங்கள் பட்டணத்துக்கு வெளியே மலிவு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. திடல்கள் சில வீடமைப்புத் திட்டமாயின, சில காடாயின. நாட்டில் ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்றாலும், அவற்றுள் பல நூற்றைம்பது மாணவருக்கும் குறைவான சிறு பள்ளிகள். எங்கள் பள்ளியும் அவற்றுள் ஒன்றுதான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள் அனைவரையும் கூட்டினாலும் பதினொருவர் தேறாத ஆண்டுகள் உண்டு. குழுவே இல்லாத பள்ளி மாவட்டப் போட்டிக்குப் போகாது. மாவட்டப் போட்டிக்குப் போகாத பையனைத் தேர்வாளர் பார்க்க மாட்டார். பார்க்கப்படாதவன் மாநிலக் குழுவுக்கும் விளையாட்டுப் பள்ளிக்கும் பஹாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமிக்கும் எப்படிப் போவான்? நம் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள் என்று ஒட்டுக்கடையில் குறைப்படுகின்றோம். அக்குறையை அடியோடு மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் கதவைத் தட்டாமலே, திறக்கவில்லை என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ராஜகோபாலும் தனபாலனும் உள்ளே சென்ற கதவுதான் அது.

தட்டாமல் போனதற்கு நானும் ஒரு காரணம் என்பதை இம்மலரில் எழுதியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம். அப்போது நான் வேறொரு தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு ஆசிரியராக இருந்தேன். என் வகுப்பில் இடது காலால் ஆடும் ஒரு மாணவன் இருந்தான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு போகும். மூன்று பேர் சூழ்ந்தாலும் பதறாமல், தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கின்றார் என்று பார்ப்பான். அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுக்க முடியாது. மாவட்டப் பயிற்சி முகாமுக்கு அவன் பெயர் வந்தது. தேர்வுக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. அவன் கணக்கில் பின்தங்கியிருந்தான். அவன் தகப்பனாரை அழைத்து, "பந்து பிறகும் உதைக்கலாம், தேர்வு ஒருமுறைதான் வரும்" என்று நான்தான் சொன்னேன். அவர் குலை வெட்டும் தொழிலாளி. என்னைக் கும்பிட்டு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று போய்விட்டார். பையன் முகாமுக்குப் போகவில்லை. கணக்கில் தேறினான். என் வகுப்பின் தேர்ச்சி விழுக்காடு அவ்வாண்டு உயர்ந்தது. அதற்குப் பாராட்டுச் சான்றிதழும் வாங்கினேன். அச்சான்றிதழ் இன்னும் என் வீட்டில் இருக்கின்றது. அந்தத் தேர்வோ 2021இல் அகற்றப்பட்டுவிட்டது.

அவனை முகாமுக்கு அனுப்பியிருந்தால் நாட்டுக்கு ஆடியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. முகாமுக்குப் போன நூறு பேரில் ஒருவர்கூட அந்நிலையை எட்டாமல் போகலாம். ஆனால் அவன் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்பதை அவனும் அறியவில்லை, நானும் அறியவில்லை. அண்மையில் ஒரு திருமணத்தில் அவனைக் கண்டேன். லாரி ஓட்டுகிறான், நல்ல நிலையில்தான் இருக்கின்றான். கையில் சிறு மகன். என்னிடம் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. "இவனும் இடது கால்தான் சார்" என்று மட்டும் சொன்னான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

"பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு நான் பொய்யான ஆசை காட்டப் போவதில்லை. பெரும்பாலோர்க்குக் கிடைக்காது. தொழில்முறை ஆட்டக்காரருக்கே பல மாதச் சம்பளம் பாக்கி நின்ற செய்திகளை நாம் நாளிதழில் படித்திருக்கின்றோம். ஆகவே படிப்பை விட்டுவிட்டு ஆடட்டும் என்று எந்த ஆசிரியனும் சொல்ல மாட்டான். நான் கேட்பது மாலையில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் இப்பொழுது பிள்ளைகள் என்ன செய்கின்றார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கைப்பேசியில் காற்பந்து ஆடுகின்றார்கள்! அயல்நாட்டு மன்றங்களின் சட்டையை அணிந்து, அங்கு ஆடுவோர் பெயர்களை ஒப்பிக்கின்றார்கள். நம் நாட்டு இளையர் குழுவில் மூவர் பெயரைச் சொல்லுங்கள் என்று நாலாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். ஒரே ஒரு மாணவி கை தூக்கினாள். அவளும் இருவரைத்தான் சொன்னாள்.

மாணவி என்றதும் நினைவுக்கு வருகின்றது: நான் இதுகாறும் பையன், பையன் என்றே எழுதி வந்துள்ளேன். பழைய பழக்கம். நம் பள்ளியில் இப்போது நன்றாகப் பந்தாடும் நால்வரில் இருவர் பெண் பிள்ளைகள். அவர்களுக்கும் இக்கட்டுரை முழுதும் பொருந்தும்.

தேர்வாளர்களிடமும் எனக்கு ஒரு வழக்குண்டு. பன்னிரண்டு வயதுக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது உயரமானவனையும் உடல் பருத்தவனையும் எடுப்பது நம் மாவட்டங்களில் ஊறிப்போன வழக்கம். அவ்வயதில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு இருக்கும். பல நாடுகளின் இளையர் குழுக்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றார்கள். பெரியவனாய் இருப்பதால் வெல்கின்றான், வெல்வதால் எடுக்கப்படுகின்றான், பதினெட்டு வயதில் எல்லாரும் வளர்ந்த பிறகு அவனுடைய மிகைபலம் மறைந்துவிடுகின்றது. அப்போது சிறியவன் ஆட்டத்தையே விட்டுப் போயிருப்பான். நான் முன்பு சொன்ன 2018 ஆசியப் போட்டியில் மூன்றே ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்து, அதிகக் கோல் அடித்தோர் வரிசையில் முதலிடம் பெற்றவர் நம் லுக்மான் ஹக்கிம். அவர் நெடிய உருவம் கொண்டவர் அல்லர். ஒருநாள் தேர்வில் ஓட்டப்பந்தயம் வைத்து ஆள் எடுக்கும் முறை இருக்கும் வரை, தோட்டத்தில் சத்துணவு குறைவாய் உண்டு வளரும் சிறுவனுக்கு அங்கு இடமிருக்காது. ஆசிரியர்கள் நாமாவது, பந்து வரும் முன்பே தலையை நிமிர்த்திப் பார்க்கும் பிள்ளை எது என்று குறித்துவைத்துச் சொல்ல வேண்டும்.

பதினொருவர் இல்லையே என்று இனியும் நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஐவர் போதும். பக்கத்துத் தோட்டங்களின் இரண்டு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களோடு பேசியுள்ளேன். மூன்று பள்ளிகளும் சேர்ந்து, ஐவர் ஆட்டமாக, ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் முறை வைத்து ஆடுவது என்று இசைந்துள்ளோம். கிண்ணம் இல்லை; பதக்கம் இல்லை; பேச்சாளர் யாரும் வரமாட்டார். பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு முப்பது ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்பதே எங்கள் கணக்கு. தோற்றவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, வெல்பவர் மேலே போகும் முறையை வைக்கவில்லை. எல்லாரும் எல்லாரோடும் ஆடுவர். ஐந்து வெள்ளிக் காலணியோ வெறுங்காலோ, தடையில்லை.

திடலில் லாலானை வெட்டித் தர நம் தோட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டுள்ளது. பழைய நீர்க்குழாய்களை ஒட்டவைத்துக் கோல் கம்பம் செய்யும் வேலையைத் தோட்டத்துப் பட்டறையில் பணிபுரியும் தந்தையார் ஒருவர் ஏற்றுக்கொண்டார். பந்து ஆறு வாங்கியாயிற்று. குறைவது ஒன்றே. மற்ற இரு தோட்டங்களுக்கும் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வாகனம் வேண்டும். வேன் வைத்திருப்போர் நம் பெற்றோருள் மூவர் என்று அறிகின்றேன். மாதம் ஒரு சனிக்கிழமையைத் தர முன்வருவோர், பள்ளி அலுவலகத்தில் தம் பெயரையும் எந்தச் சனிக்கிழமை என்பதையும் குறித்துவிட்டுச் செல்லலாம். மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாயிலிலிருந்து புறப்பட வேண்டும்; ஆறரைக்குள் திரும்பிவிடலாம். எண்ணெய்ச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுத்துவிடும்.